கொங்கிறீற்றும் சேர்மானங்களும்

கல்லை வெட்டியெடுத்துக் கட்டடம் அமைத்த மனிதன், தான் வேண்டிய வடிவிற் கல்லையே வார்த்தெடுக்கக் கற்றுக்கொண்டமை கட்டடக்கலை வரலாற்றில் ஒரு பெருந் திருப்பமாகும். அவ்வாறு வார்க்கப்படும் செயற்கைக் கல்லே கொங்கிறீற்று. சீமெந்து, மணல், கருங்கற்சல்லி, நீர் ஆகிய நான்கும் கூடி அஃது உருவாகின்றது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயின் இக்காலத்துப் பெருங் கட்டடங்களிற் பயன்படும் கொங்கிறீற்றில் இந்நான்கோடு ஐந்தாவதாக ஒரு பொருளுங் கலந்திருக்கின்றது. அதன் அளவு மிகச் சிறிது. பெரும்பாலும் சீமெந்தின் நிறையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அல்லது அதனினுங் குறைவு. எனினும் கொங்கிறீற்று விரைந்து இறுகுவதும், தாழ்த்து இறுகுவதும், கூழ்போல ஓடுவதும், பனிக்கு உடையாது நிற்பதும் அச்சிறு பொருளின் செயலாகவே அமைகின்றன. சித்த வைத்தியர் மருந்தோடு கூட்டும் அனுபானம் மருந்தின் போக்கையே மாற்றவல்லது என்பர். கொங்கிறீற்றுக்கு இரசாயனச் சேர்மானங்கள் அத்தகையன. அனுபானம் பிழைத்தால் மருந்து நஞ்சாவதுபோல இவை பிழைத்தாலுங் கேடு விளையும்.

சாந்திலே பிறபொருள் கூட்டும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. தமிழகத்துக் கோயில்களையும் மாளிகைகளையும் கட்டிய பழைய கொத்தர், சுண்ணாம்பை அரைக்கும்போது கடுக்காயுங் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டு அரைத்தனர். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிபோன்ற சுவர்ப்பூச்சுக்கு முட்டை வெண்கருவும் துணைசெய்தது. கடுக்காயின் துவர்ப்பும் கருப்பட்டியின் வெல்லமும் சாந்து குறைந்த நீரிலே குழையவும், நெடுநேரம் இளகி நிற்கவும் உதவின. ஏன் உதவின என்பதை அவர்கள் அறிந்திலர். உதவின என்பதை அறிந்திருந்தனர். ஆயினும் அவர்களுடைய கைப்பாகத்தைச் சுண்ணாம்பிலிருந்து சீமெந்துக்கு அப்படியே மாற்றிவிடலாம் என எண்ணுதல் பெருந் தவறு. சுண்ணாம்புச் சாந்துக்கு நன்மை செய்த அதே வெல்லம் சீமெந்துக்கு எத்துணைக் கொடியது என்பது பின்னர்க் கூறப்படும்.

சேர்மானங்களின் தொழிலை உணர்வதற்குச் சீமெந்தின் தன்மையை முதலில் உணர்தல் வேண்டும். இங்கிலாந்திலே இலீட்ஸ் நகரைச் சேர்ந்த யோசப் அஸ்ப்டின் என்னுங் கொத்தர் 1824 ஆம் ஆண்டிலே போட்லண்ட் சீமெந்துக்குரிய ஆக்கவுரிமையைப் பெற்றார். இறுகியபின் அது போட்லண்ட் தீவிலே கிடைக்குங் கட்டடக் கல்லை ஒத்திருந்தமையால் அப்பெயர் வந்தது. சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் கலந்து கடும் வெப்பத்திற் சுட்டு, வருங் கட்டியைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்தெடுப்பதே சீமெந்து. 1950 ஆம் ஆண்டிலே தொடங்கி 1990 இல் நின்றுபோன காங்கேசன்துறை ஆலை யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைக் கொண்டே அதனைச் செய்துவந்தது. சீமெந்துத் தூளில் நான்கு முதன்மையான சேர்வைகள் உள. கல்சியம் சிலிக்கேற்றுக்கள் இரண்டு. கல்சியம் அலுமினேற்று ஒன்று. இரும்புங் கூடிய அலுமினேற்று மற்றொன்று. வலிமையைத் தருவன சிலிக்கேற்றுக்களே. அலுமினேற்று நீரைக் கண்டதும் பாய்ந்து தாக்கமுறுவது. அதனைத் தடுக்க ஜிப்சம் இல்லையாயின் சீமெந்து குழைக்குமுன்னரே கட்டியாகிவிடும். ஆகவே, கடையிலே வாங்குஞ் சீமெந்து மூட்டையிலேயே இறுகலைத் தாழ்த்தும் ஒரு பொருள் முன்கூட்டியே இடப்பட்டிருக்கின்றது.

கொங்கிறீற்று காய்ந்து இறுகுகின்றது என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. அது பிழை. ஈரச்சேலை காய்வதற்கும் சீமெந்து இறுகுவதற்கும் யாதொரு தொடர்புமில்லை. சீமெந்து நீரோடு இரசாயன முறையிற் சேர்ந்தே இறுகுகின்றது. நீரினுள் மூழ்கியிருக்கும்போதும் அது நன்கு இறுகும். அச்சேர்க்கையால் மிக நுண்ணிய இழையும் தகடும் போன்ற ஒரு பசை மணிகளைச் சூழ்ந்து வளர்ந்து, மணலையும் சல்லியையும் ஒன்றாகப் பிணைக்கின்றது. உடன் விளைவாகக் கல்சியம் ஐதரொட்சைட்டும் தோன்றுகின்றது. இதனால் இறுகிய கொங்கிறீற்று வலிய காரத்தன்மை உடையதாகின்றது. இக்காரத்தன்மையை வாசகர் நினைவில் இருத்துக. கம்பியின் உயிர் இதன்மேல் நிற்கின்றது.

இனி நீரைப்பற்றி. 50 கிலோகிராம் சீமெந்து முழுவதும் தாக்கமுறுவதற்கு இரசாயன முறையில் வேண்டிய நீர் ஏறத்தாழ 12 இலீற்றரே. ஆனால் அவ்வளவு நீரைமட்டும் விட்டுக் குழைத்தால் கலவை உதிரியாய்க் கிடக்கும். பலகையடைப்பின் மூலைகளிலும் கம்பிகளின் இடையிலும் சென்று படியாது. ஆகவே 25 இலீற்றரோ அதற்கு மேலோ விடப்படுகின்றது. மிஞ்சிய நீர் பின்னர் மெல்ல வெளியேறும்போது தான் இருந்த இடங்களை நுண்டுளைகளாக விட்டுச் செல்கின்றது. துளை மலிந்த கல் வலிமை குன்றிய கல். சிக்காகோவிலே ஆராய்ச்சி நடத்திய டஃப் ஏபிரம்ஸ் என்பார் 1918 ஆம் ஆண்டில் இதனை ஒரு விதியாக நிலைநாட்டினார். சீமெந்துக்கும் நீருக்கும் உள்ள விகிதமே கொங்கிறீற்றின் வலிமையை ஆளுகின்றது என்பது அவ்விதியின் சாரம். கட்டட முற்றத்திலே நடப்பது யாது? கலவை கடினமாயிருக்கின்றது என்று கண்ட தொழிலாளி ஒரு வாளி நீரை மேலும் ஊற்றுகின்றான். சவள் இலகுவாக ஓடுகின்றது. தட்டு விரைவில் வார்த்து முடிகின்றது. 25 இலீற்றர் 35 இலீற்றராயிற்று. ஏபிரம்ஸ் கண்ட சூத்திரத்தின்படி கணக்கிட்டால் வலிமையில் மூன்றிலொரு பங்கினும் கூடுதலாக அவ்வொரு வாளி நீரிலே போயிற்று. வீட்டுக்காரனோ சீமெந்து குறையாமற் போட்டோம் என்று மனநிறைவோடு இருக்கின்றான்.

நீரைக் கூட்டாது கலவையை இளக்குவதற்கு வழி உண்டா என்னுங் கேள்விக்கு விடையாக வந்தவையே நீர்குறை சேர்மானங்கள். சீமெந்து மணிகள் நீரில் விழுந்தவுடன் தனித்தனியே நில்லாது ஒன்றையொன்று பற்றித் திரளாகின்றன. அத்திரள்களின் உள்ளே நீர் சிறைப்படுகின்றது. சிறைப்பட்ட நீர் கலவையை இளக்க உதவாது. பின்னர்த் துளையை விடுவதற்கு மட்டும் தவறாது. இத்திரளைக் கலைத்துவிட்டால், உள்ள நீரே போதும். 1930களில் அமெரிக்காவிலே இதற்கு அகப்பட்ட பொருள் கடதாசி ஆலைக் கழிவு. மரத்தைச் சல்பைற்று முறையிற் சமைத்துக் கடதாசிக்கூழ் எடுக்கும்போது, மரநார்களை ஒட்டவைத்திருந்த இலிக்கினின் என்னும் பொருள் கரைந்து இலிக்கினோசல்பனேற்றாக வெளியேறும். ஆற்றிலே ஓடவிடப்பட்ட அப்பழுப்புநிற நீரின் மூலக்கூறுகள் சீமெந்து மணியின் மேற்பரப்பிற் படிந்து அதற்கு மறையேற்றத்தை அளிக்கின்றன. ஒரே வகை மின்னேற்றம் உடையவை ஒன்றையொன்று தள்ளும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்தது. மணிகள் விலகுகின்றன, திரள் கலைகின்றது, சிறைநீர் விடுதலை பெறுகின்றது. ஒரே இளக்கத்தை 5 முதல் 10 வீதம்வரை குறைந்த நீரிலே பெறமுடிகின்றது. அவ்வளவுதானா என்று கேட்பார் முன்சொன்ன வாளிக் கணக்கை மீண்டும் நோக்குவாராக.

இலிக்கினோசல்பனேற்றுக்கு ஒரு குறை உண்டு. மரத்திலுள்ள வெல்லங்கள் அதனோடு கலந்தே வருகின்றன; ஆதலின் அளவைக் கூட்டக் கூட்ட இறுகல் பிந்துகின்றது. இக்குறை நீங்கிய மிகைவலுச் சேர்மானங்கள் 1960களின் தொடக்கத்தில் இரு நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தன. யப்பானிலே கெனிச்சி அத்தோரி நப்தலீனிலிருந்தும், மேற்கு ஜேர்மனியர் மெலமீனிலிருந்தும் பல்பகுதியங்களை ஆக்கினர். இவை நீரை 15 முதல் 30 வீதம்வரை குறைக்கவல்லன. யப்பானியரின் நோக்கம் நீரைக் குறைத்து வலிமையை உயர்த்துவது. ஜேர்மானியரின் நோக்கம் நீரைக் குறையாது ஓடுங் கலவை பெறுவது. ஒரே கருவியை இரு மக்கள் இரு வகையாற் பயன்படுத்தியமை கருதத்தக்கது. 1980களில் யப்பானிலே பொலிகாபொட்சிலேற்று என்னும் அடுத்த வகை தோன்றிற்று. அதன் மூலக்கூறு சீப்பை ஒத்தது. முதுகு மணியைப் பற்றிக்கொள்ள, பற்கள்போன்ற நீண்ட கிளைகள் நீரினுள் நீட்டிநிற்கும். மின்னேற்றத்தால் தள்ளுவதோடு, கிளைகளே இடத்தை அடைத்துக்கொண்டு மற்றொரு மணியை நெருங்கவிடாமற் காக்கின்றன. முள்ளம்பன்றிகள் இரண்டு நெருங்கிப் படுக்க முடியாதது போன்றது அது.

இறுகலைத் தாழ்த்தும் சேர்மானங்களுள் வெல்லமே மிக வலியது. மிக மலிந்ததும் அதுவே. சீமெந்தின் நிறையில் 0.05 வீதம், அதாவது 50 கிலோகிராம் மூட்டைக்கு 25 கிராம் சீனி, ஐந்தாறு தேக்கரண்டி அளவு, இறுகலை ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாழ்த்தும். முதல் நாட்களின் வலிமை அதனால் வெகுவாகக் குறையினும் ஒரு வாரத்தின் பின்னர் வலிமை சற்றுக் கூடியே நிற்கும். 0.2 வீதத்தைத் தாண்டி 1 வீதம்வரை சென்றாலோ, அஃதாவது மூட்டைக்கு 100 கிராமிலிருந்து 500 கிராம்வரை இட்டால், சீமெந்து இறுகவே மாட்டாது. சீனி மூட்டை கிடந்த இடத்திற் சீமெந்தைக் குவித்தவனும், தேநீர் மிச்சத்தைக் கலவைத் தொட்டியில் ஊற்றியவனும் ஒரே குற்றத்தைச் செய்தவர் ஆகார், அளவுதான் வேறுபாடு. வெல்ல மூலக்கூறுகள் மணியின் மேற்பரப்பையும் புதிதாய்த் தோன்றும் பளிங்குக் கருக்களையும் மூடிக்கொள்ள, அவை வளர வழியின்றி நிற்கின்றன. இக்கேட்டையே நன்மையாக்கிக்கொண்டவரும் உளர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலின்கீழ் 1994 இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதையை அமைக்கும்போது, மிஞ்சிய கொங்கிறீற்றைக் கழுவி அகற்ற நிலத்தின் கீழ் வசதி இல்லாமையால், கருப்பஞ்சாற்றுப் பாகுக் கழிவை விட்டு அது இறுகாமற் செய்தனர்.

வெப்ப நாடுகளுக்குத் தாழ்த்தும் சேர்மானம் மிக வேண்டற்பாலது. வெப்பம் உயர உயர எல்லா இரசாயனத் தாக்கங்களும் விரைவுறும். இலங்கையின் நண்பகல் வெயிலில் வார்க்கும் பெருந் தட்டு ஒன்றிலே, முதலில் இட்ட பகுதி இறுகத் தொடங்கியபின் அடுத்த பகுதி வந்து சேருமாயின் இரண்டும் ஒன்றாய்ப் பொருந்தா. வெளியே ஒரு கோடு. உள்ளே மழைநீர் ஊறும் வாயில். தொலைவிலுள்ள ஆலையிலிருந்து வண்டியிற் கொணரும் கலவைக்கும் இதே இடர் உண்டு. அமெரிக்க நியமம் நெடுங்காலம் ஒன்றரை மணி நேரத்தை எல்லையாக வைத்திருந்தது. குளுக்கோனேற்று முதலிய தாழ்த்திகள் இத்தொல்லையை நீக்கின.

பனியோடு தொடர்புடைய சேர்மானத்தின் வரலாறு சுவையானது. 1930களில் நியூயோர்க்கு மாநிலத்திலும் அயலிலும் கொங்கிறீற்று வீதிகள் குளிர்காலந்தோறும் தோலுரிந்து சிதைந்தன. ஆயினும் சில வீதிகள் மட்டும் கேடின்றி நின்றன. ஆராய்ந்து பார்த்தபோது, அவற்றிற்குரிய சீமெந்து ஆலையில் அரைத்தலை எளிதாக்குவதற்கு மாட்டுக்கொழுப்பு இடப்பட்டிருந்தமை வெளிவந்தது. கொழுப்பு சீமெந்தின் காரத்தோடு கூடிச் சவர்க்காரமாகி, குழைக்கும்போது எண்ணிறந்த நுண்குமிழிகளைத் தோற்றுவித்திருந்தது. நீர் உறையும்போது அதன் கனவளவு 9 வீதம் பெருகும். துளைகளில் நிறைந்த நீர் உறைந்து பெருகினால் செல்ல இடமின்றிக் கல்லைப் பிளக்கும். அருகிலே வெறுங் குமிழி இருக்குமாயின் நீர் அதனுள் ஒதுங்கும். குமிழி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர், பசையின் எந்த இடத்திலிருந்தும் குமிழி ஒன்று 0.2 மில்லிமீற்றர் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும் என்பது பவர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞருடைய ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பின்னர்ப் பைன் மரத்துப் பிசினிலிருந்தும் செயற்கைச் சவர்க்காரங்களிலிருந்தும் இதற்கெனவே சேர்மானங்கள் ஆக்கப்பட்டன. குமிழி இலவசமன்று, ஒரு வீதம் காற்றுக்கு ஏறத்தாழ ஐந்து வீதம் வலிமை விலையாகின்றது. நுவரெலியாவிலே சில விடியல்களிற் புல்லின்மேல் உறைபனி படிவதைத் தவிர இலங்கைக்குப் பனி இல்லை. ஆதலின் அவ்விலையைக் கொடுக்கவேண்டிய தேவையும் இந்நாட்டுக் கட்டடங்களுக்கு அரிதே.

இனி, விரைவூட்டும் சேர்மானங்கள். இவற்றுள் தலையாயது கல்சியம் குளோரைட்டு. 1873 ஆம் ஆண்டளவிலேயே ஜேர்மனியில் அது கையாளப்பட்டது. 1885 இல் பிரித்தானியாவில் ஆக்கவுரிமையும் பெறப்பட்டது. சீமெந்தின் நிறையில் 2 வீதம் இட்டால் முதல் நாளின் வலிமை பெரிதும் உயர்கின்றது; குளிர்காலத்திலும் வேலை தடைப்படாது; பலகையடைப்பை விரைவிற் கழற்றி அடுத்த வேலைக்குக் கொண்டுபோகலாம். விலையோ மிகக் குறைவு. இத்தனை நற்குணங்களும் ஒருங்கே அமைந்த பொருளை யார் வேண்டாமென்பர்? இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஐரோப்பாவில் வீடுகளும் பாடசாலைகளும் அவசரமாகத் தேவைப்பட்ட காலத்தில் இது தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. குளோரைட்டு சீமெந்தின் அலுமினேற்றோடு கட்டுண்டுவிடும், மிஞ்சுவதாற் கேடு வராது என்று கருதியவரும் இருந்தனர்.

கேடு மெல்ல வந்தது. உருக்குக்கம்பி கொங்கிறீற்றினுள் துருப்பிடியாது இருப்பதற்குக் காரணம், முன்னர் நினைவில் இருத்துக என்று கூறப்பட்ட அக்காரத்தன்மையே. பி.எச். பெறுமானம் 12.5 க்கும் மேற்பட்ட சூழலிலே கம்பியின்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று தோன்றி அதனைப் பொதிந்து காக்கின்றது. கட்டுண்ணாது எஞ்சிய குளோரைட்டு அப்படலத்தை ஆங்காங்கே துளைக்கின்றது. துளைத்த இடத்தில் இரும்பு கரைகின்றது. ஈரமும் ஒட்சிசனும் உள்ளவரை அவ்வேலை ஓய்வதில்லை. குளோரைட்டு இதிற் செலவாகிப் போவதுமில்லை. ஒரே குளோரைட்டு மீண்டும் மீண்டும் அதே தொழிலைச் செய்யும். துரு, தான் தோன்றிய இரும்பிலும் இரண்டு முதல் ஆறு மடங்குவரை கனவளவு கொண்டது. அது பெருகக் கொங்கிறீற்றிற் கம்பியின் வழியே வெடிப்பு ஓடும். பின்னர் மூடியிருந்த பகுதி தகடாய்க் கழன்று விழும். முதல்நாள் விரைவாய் எழுந்த கட்டடம் பத்தாண்டுகளிலும் இருபதாண்டுகளிலும் இவ்வாறு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1977 ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கட்டடக் கோவைகள், கம்பியுள்ள கொங்கிறீற்றிற் கல்சியம் குளோரைட்டுச் சேர்மானத்தை விலக்கின. அமெரிக்கக் கோவை, குளோரைட்டுப் படக்கூடிய சூழலிலுள்ள வலுவூட்டிய கொங்கிறீற்றுக்குச் சீமெந்தின் நிறையில் 0.15 வீதத்தையும், முன்னிறுக்கிய கம்பியுள்ளதற்கு 0.06 வீதத்தையும் எல்லையாக விதித்தது. கம்பியில்லாத வெறுங் கொங்கிறீற்றுக்கு அதனால் இத்தகைய இடரில்லை என்பதையும் கூறுதல் முறை.

கல்சியம் குளோரைட்டை ஒருவரும் வாங்காத ஊரிலும் இக்கேடு நிகழலாம். கடல்நீரின் ஒவ்வோர் இலீற்றரிலும் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. 50 கிலோகிராம் சீமெந்தை 25 இலீற்றர் கடல்நீராற் குழைத்தால் 475 கிராம் குளோரைட்டு உட்புகும். அது சீமெந்தின் நிறையில் 0.95 வீதம், மேற்கூறிய 0.15 வீத எல்லைக்கு ஆறு மடங்கு. கடல்நீரை விட்டு யாரும் குழைப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களிலே உவர்பட்ட கிணறுகள் பல. கழுவாத கடன்மணலும் உப்பைச் சுமந்தே வருகின்றது. குடிக்க உதவாத நீர் கட்டடத்துக்கு உதவும் என்று கொள்ளும் வழக்கு, குடிநீர் அரிதாகிய ஊரில் இயல்பாக எழுவதுதான். அதன் பயனைக் கட்டினவன் காண்பதில்லை. அவனுடைய பிள்ளைகள் காண்பர். கூரைத்தட்டின் அடிப்புறத்திற் பழுப்புக் கோடுகள் ஓடுவதைக் கண்டு மேலே மழை ஒழுகுகின்றது என்று சீமெந்துப் பூச்சைப் பூசுவோர், நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுபவர் ஆவர்.

விரைவு வேண்டுமென்பார்க்கு இக்காலத்திலே குளோரைட்டில்லாத விரைவூட்டிகள் உள. கல்சியம் நைத்திரேற்றும் கல்சியம் போமேற்றும் அவற்றுட் சில. கல்சியம் நைத்திரைற்று விரைவூட்டுவதோடு கம்பியின் காப்புப்படலத்தைப் பேணுதலும் செய்வது. ஆதலின் கடலோரப் பாலங்களில் அதனைத் துருத்தடையாகவே இடுகின்றனர். சுரங்கச் சுவர்களிற் கலவையை வீசியடிக்கும்போது சில நிமிடங்களில் இறுகச்செய்யும் வேறு வகையும் உண்டு. நீர்புகாமைக்கென விற்கப்படும் சவர்க்காரப் பொருள்களைப்பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. நீர் அளவோடு விட்டு, நன்றாக இடித்துச் செறித்து, ஏழு நாட்களுக்குக் குறையாமல் ஈரங்காத்த கொங்கிறீற்று அவற்றின் உதவியின்றியே நீரைத் தடுக்கும். அவ்வாறு செய்யாததை அவை காப்பாற்றா.

சேர்மானங்கள் எத்துணைத் தொலைவு சென்றுள்ளன என்பதற்கு யப்பானிய உதாரணம் ஒன்று போதும். கைதேர்ந்த தொழிலாளர் குறைந்துகொண்டு வந்த அந்நாட்டிலே, சரிவரச் செறிக்கப்படாத கொங்கிறீற்று விரைவிற் பழுதடைவதைக் கண்ட தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒக்காமுரா, செறிப்பாரின்றித் தானே செறியுங் கொங்கிறீற்று வேண்டும் என்று 1986 இல் முன்மொழிந்தார். 1988 இல் அதன் முதன் மாதிரி உருவாயிற்று. மிகைவலுச் சேர்மானத்தால் அது நீர்போல ஓடும். ஆனாற் சல்லி அடியிலே தங்கிவிடாதபடி பசை தடிப்பாயிருக்கும். ஓட்டமும் தடிப்பும் ஒன்றுக்கொன்று முரணானவை; அவற்றை இணக்கியமையே அரிய செயல். 1998 இல் திறக்கப்பட்ட அக்காசிப் பாலத்தின் நடுக்கண் 1,991 மீற்றர் நீளமுடையது. அதன் வடங்களைத் தாங்கும் இரு நங்கூரத் திணிவுகளுக்கும் இவ்வகைக் கொங்கிறீற்று 2,90,000 கனமீற்றர் இடப்பட்டது. இரண்டரை ஆண்டு செல்ல வேண்டிய அவ்வேலை இரண்டு ஆண்டிலே முடிந்தது. துபாயில் 2010 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட 828 மீற்றர் உயரமுள்ள கோபுரத்தில், பாலைவன வெயிலுக்கு அஞ்சி இரவிலே கலவையிட்டு, நீருக்குப் பதிலாக ஓரளவு பனிக்கட்டியும் சேர்த்து, 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்துக்குக் குழாய் வழியே அதனைத் தள்ளினர். பொலிகாபொட்சிலேற்று இன்றேல் அது குழாயிலேயே கல்லாகியிருக்கும்.

இப்பொருள்கள் போத்தலிலும் பீப்பாவிலும் அடைத்துச் சாதாரண கடைகளிலே விற்கப்படும் நிலைக்கு வந்துவிட்டன. வாங்குவோர் மனங்கொள்ள வேண்டியவை சில உள. முதலாவது அளவு. மூட்டை ஒன்றுக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று குறித்திருப்பதைக் கைக்கணக்கில் ஊற்றலாகாது. மிகைவலுச் சேர்மானம் கூடினால் நீர் மேலே மிதந்து சல்லி கீழே போய்விடும், தாழ்த்தி கூடினால் மறுநாளும் தட்டு பிசைந்த மாவாய் இருக்கும். நீர்குறை சேர்மானத்தை இட்டபின் நீரைக் குறையாது வழக்கம்போல் விடுவோர் பணத்தைச் செலவிட்டுப் பழைய வாளியையே வாங்கியவராவர். சேர்மானமும் சீமெந்தும் எப்பொழுதும் ஒத்துப்போகும் என்பதுமில்லை. ஒரு சீமெந்தில் நன்கு வேலை செய்த பொருள், அலுமினேற்றும் சல்பேற்றும் வேறு அளவிலுள்ள மற்றொரு சீமெந்தில் அரைமணி நேரத்திலே விறைத்துவிடுவது உண்டு. இரண்டு சேர்மானங்களை ஒன்றாக்கிக் கலவையில் இடுவதும் தவறு. அவை ஒன்றோடொன்று சேர்ந்து திரையக்கூடும்.

ஆதலின், பெருவேலைக்கு முன்னர் அதே சீமெந்து, அதே மணல், அதே சல்லி, அதே கிணற்று நீர், அதே வெயில் வேளை ஆகியவற்றோடு சிறு கலவை ஒன்று செய்து பார்த்தல் பொறியியலாளரின் வழக்கம். அடியில் 200 மில்லிமீற்றரும் முடியில் 100 மில்லிமீற்றரும் குறுக்களவும், 300 மில்லிமீற்றர் உயரமும் உள்ள இரும்புக் கூம்பொன்றிற் கலவையை நிரப்பி, கூம்பை மேலே தூக்கிவிட, கலவை எத்துணை மில்லிமீற்றர் சரிந்தது என்று அளப்பர்; அரைமணி நேரங் கழித்து மீண்டும் அளப்பர். சில கனசதுரங்களை வார்த்து நீரில் இட்டு வைத்து 7 ஆம் நாளிலும் 28 ஆம் நாளிலும் பொறியில் நசுக்கிப் பார்ப்பர். சிறு வீட்டுக்குப் பொறி இல்லாது போகலாம். கூம்பு செய்வதற்கு ஒரு தகரத் துண்டு போதும்.